பந்தியில் வைத்த அட்டை: டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஆலயக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், வெருலம், டோங்காட் ஆகிய ஊர்களில் தமிழ்ச் சங்கங்களையும் ஆலயங்களையும் நடத்திவரும் நிர்வாகக் குழுப் பெரியோர்களுக்கு வணக்கம்.

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வழிபாடு முடிந்து, எங்கள் ஆலயக் கூடத்தில் பந்தி அமர்ந்திருந்த நேரத்தில், நிர்வாகக் குழுச் செயலாளரே ஒருவரை அழைத்து அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார். அன்றைய அன்னதானம் அவருடைய உபயம். திருக்குறள் ஒன்றைச் சொல்லித் தொடங்கி, பிறகு ஆங்கிலத்துக்கு மாறி, ஓய்வுக்காலப் பணத்தை வங்கியில் தூங்கவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்று பத்து நிமிடம் பேசினார். ரசம் வருவதற்குள் ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் அவருடைய பெயர் அச்சிட்ட அட்டை இருந்தது. எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த கைம்பெண் ஒருவர், கணவரின் பிராவிடன்ட் பணம் வந்து மூன்று மாதம்கூட ஆகாதவர், அந்த அட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அந்த முடிச்சைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த மனிதர் மீது எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. அவரை அதற்கு முன்பு நான் பார்த்ததும் இல்லை. என் முறையீடெல்லாம் அவர் கையில் இருந்த ஒலிவாங்கியைப் பற்றியது, அதைக் கொடுத்த உங்களிடம். இதைத் தமிழில் எழுதுவதால் உங்களில் பாதிப்பேரால் படிக்க முடியாது என்பதை அறிவேன். முப்பது ஆண்டு சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்தியவளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆங்கிலப் படி ஒன்றை என் மகள் தனியாக அனுப்புவாள். ஆனால் அட்டையை முந்தானையில் முடிந்துகொள்ளும் தலைமுறை, சிலராவது, இன்னமும் தமிழ் படிக்கிறது. அவர்களும் இதைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே தமிழில் எழுதுகிறேன்.

ஆலயக் கூடத்தில் ஒருவர் பேசினால், கேட்பவர்கள் அவருடைய தகுதியை விசாரிப்பதில்லை. குழு ஏற்கெனவே விசாரித்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த நம்பிக்கை நமக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். என் தாத்தா டர்பன் மாநகராட்சியின் கூலி. மேகசின் பராக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்தவர். சாவு விழுந்த வீட்டுக்கு உதவ அங்கே ஒரு நிதி இருந்தது. 1961இல் ராண்டு வருவதற்கு முன்பே, ஷில்லிங் கணக்கில், வாரந்தோறும் வசூலித்து ஒரு நோட்டில் எழுதுவார்கள் என்று அம்மா சொல்வார். பொருளாளர் அடுத்த வரிசையில் குடியிருந்தவர், நோட்டை யார் கேட்டாலும் காட்டுவார், பணம் குறைந்தால் அவர் வீட்டு வாசலிலேயே போய் நிற்கலாம். அங்கே நம்பிக்கைக்குக் காரணம் அவர் தமிழர் என்பது மட்டுமன்று. திறந்த நோட்டும் பக்கத்து வாசலும் இருந்தன. இன்று நாம் ஒலிவாங்கி கொடுக்கும் மனிதரிடம் தமிழ் இருக்கிறது, உபயம் இருக்கிறது, நோட்டு மட்டும் இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், எவ்வளவு, எப்போது என்பது அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

என் அண்ணாவின் கதையை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். அவர் ஃபீனிக்ஸில் ஒரு பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்தவர். 2014, 2015 ஆண்டுகளில், அரசாங்கம் ஊழியர்களின் பென்ஷன் பணத்தில் கைவைக்கப் போகிறது என்ற வதந்தி பரவி, நாடு முழுவதும் ஆசிரியர்கள் பலர் பதவி விலகியது உங்களுக்கு நினைவிருக்கும். தேசியக் கருவூலமும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியான ஜி.ஈ.பி.எஃப்.பும் அதை மறுத்துத் திரும்பத் திரும்ப அறிக்கை விட்டன. அண்ணாவுக்கு அந்த அறிக்கை எட்டவில்லை. காவடி விழாவுக்கு வளைவுப் பந்தல் போட்டுக் கொடுத்த ஒரு முதலீட்டுப் புரோக்கரின் சொல் எட்டியது. 53 வயதில், 31 ஆண்டுப் பணிக்குப் பிறகு, அண்ணா பதவி விலகினார். பணம் முழுவதும் முதலில், ஓய்வு வயது வரை அதைக் காத்துவைக்கும் பிரிசர்வேஷன் நிதி ஒன்றுக்குப் போயிற்று. 55 வயதானதும் மூன்றில் ஒரு பங்கை ரொக்கமாக எடுத்து வீட்டுக்கு மாடி கட்டினார். மீதி, லிவிங் அன்யுட்டி என்று நாம் சொல்லும், சந்தையோடு ஏறி இறங்கும் ஓய்வூதியக் கணக்குக்கு மாறியது.

அவர் எதை விட்டுவிட்டு எதை எடுத்துக்கொண்டார் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். இது அண்ணாவின் கணக்கு அல்ல, புரிவதற்காக நான் போட்டது. ஆண்டு ஊதியம் 3,60,000 ராண்டு, பணிக்காலம் 30 ஆண்டு, 60 வயதில் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். ஜி.ஈ.பி.எஃப். விதிப்படி, பத்து ஆண்டுக்கு மேல் பணிசெய்தவருக்கு, இறுதி ஊதியத்தில் 6.72 விழுக்காட்டைப் பணியாண்டுகளால் பெருக்கிய தொகை பணிக்கொடை. அதாவது 7,25,760 ராண்டு. ஆண்டு ஓய்வூதியம், இறுதி ஊதியத்தை 55ஆல் வகுத்துப் பணியாண்டுகளால் பெருக்கி 360 ராண்டு கூட்டியது; அதாவது ஏறத்தாழ 1,96,700 ராண்டு, மாதம் 16,000க்கு மேல். அது உயிருள்ளவரை வரும். விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் உயரும். அவர் காலமானால் துணைக்குப் பாதி தொடரும். சந்தை விழுந்தாலும் அந்தத் தொகை விழாது.

இதே மனிதர் பதவி விலகி 30 லட்சம் ராண்டு பெற்று, 10 லட்சத்தை ரொக்கமாக எடுத்துவிட்டு, 20 லட்சத்தை லிவிங் அன்யுட்டியில் வைத்தார் என்று கொள்வோம். அங்கே ஆண்டுக்கு 2.5 முதல் 17.5 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பழைய ஓய்வூதியத்துக்கு ஈடான தொகை வேண்டுமென்றால் முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 9.8 விழுக்காடு எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு விலைவாசிக்காக இன்னும் கொஞ்சம். அந்த வேகத்தில் எடுத்தால் எந்த முதலீடு எத்தனை ஆண்டு தாங்கும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அதற்கு மேல் புரோக்கரின் ஊதியம் இருக்கிறது. தொடக்கக் கட்டணம் 1.5 விழுக்காடும் 15 விழுக்காடு வாட் வரியும் சேர்ந்தால் 34,500 ராண்டு. தொடர் ஆலோசனைக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு விழுக்காடும் வாட் வரியும் என்றால் 23,000 ராண்டு, ஆண்டுதோறும். நிதி நிறுவனத்தின் செலவு தனி. அந்த ஆசிரியர் பதவி விலகாமல் அரசு ஓய்வூதியத்திலேயே இருந்திருந்தால் புரோக்கருக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒன்றுமே இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அண்ணாவின் புரோக்கர் திருடர் அல்லர். உரிமம் வைத்திருந்தார், கட்டண விவரம் தாளில் இருந்தது, அண்ணா ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டிருக்கிறார். ‘விலகாதீர்கள், இருங்கள்’ என்று சொன்னால் தன் வீட்டில் அடுப்பு எரியாத ஒருவரிடம்தான் ‘விலகலாமா’ என்று அண்ணா கேட்டார்; கேட்டுவிட்டு, பதில் இலவசமாகக் கிடைத்ததே என்று மகிழவும் செய்தார். ஆயுள் காப்புறுதியிலும் இதுவே நடக்கிறது. முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 85 விழுக்காடு வரை விற்றவருக்குக் கமிஷனாகப் போகலாம் என்பதை, மாதாமாதம் பிரீமியம் கட்டுகிற நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் அறிவார்கள்? அந்த ஆலோசனையும் இலவசம் என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணாவின் கதைக்கு ஒரு வாலும் உண்டு. பந்தல் போட்ட புரோக்கர் தொழிலை விட்டு ஓய்வு பெறும்போது தன் வாடிக்கையாளர் பட்டியலை ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். அதன் பிறகு நான்கு ஆண்டு அண்ணாவுக்கு அங்கிருந்து ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. தொடர் ஆலோசனைக் கட்டணம் மட்டும் மாதம் தவறாமல் கழிந்தது. வாடிக்கையாளர் ஒப்புதலோடு பிடிக்கப்படும் கட்டணம் என்பதால் எழுத்தில் கேட்டு அதை நிறுத்தலாம் என்று நாங்கள் தெரிந்துகொள்ளவே நான்கு ஆண்டு ஆயிற்று.

இந்த நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. நிதி ஆலோசனையையும் இடைத்தரகையும் ஒழுங்குபடுத்தும் ஃபெயிஸ் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. அதன்படி உரிமம் வழங்குவதும் கண்காணிப்பதும் 2018 ஏப்ரல் 1 முதல், பழைய நிதிச் சேவை வாரியத்தின் இடத்தில் வந்த நிதித்துறை நடத்தை ஆணையத்தின் பொறுப்பு, எஃப்.எஸ்.சி.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் எஃப்.எஸ்.பி. எண் உண்டு. அந்த எண்ணை ஆணையத்தின் இணையத்தளத்தில் தட்டினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, எந்தெந்த வகைப் பொருள்களைப் பற்றி ஆலோசனை சொல்ல அனுமதி இருக்கிறது என்று தெரிந்துவிடும். இறுதிச் சடங்குப் பாலிசி விற்க மட்டும் அனுமதி உள்ளவர் ஓய்வுக்கால முதலீடு பற்றி மேடையேறிப் பேசினால், அது அங்கேயே வெளிப்பட்டுவிடும். தொலைபேசி வைத்திருக்கும் எந்தப் பேரப்பிள்ளையும் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி இது. பார்க்காமல் நாம் ஒலிவாங்கியைக் கொடுக்கிறோம்.

ஆனால் உரிமம் ஒருவரின் குறைந்தபட்சத் தகுதியைத்தான் சொல்லும். அவருடைய நாட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லாது. அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு, கேட்கத்தான் ஆள் இல்லை. கடந்த பன்னிரண்டு மாதத்தில் தன் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்திருந்தால், ஆலோசகர் அதை வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். இன்னும் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சியில் இருப்பவராக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். கொடுத்த ஆலோசனை என்ன, எந்தக் காரணத்தால் கொடுத்தார் என்பதை எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும். நிதித் திட்டமிடல் கழகம் வழங்கும் சி.எஃப்.பி. என்ற தகுதியைப் பெற முதுநிலைப் பட்டயம், பணி அனுபவம், தேர்வு எல்லாம் வேண்டும். ஒருவர் அந்த எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டிருந்தால், அவை உண்மையா என்று கழகத்திடமே கேட்கலாம். சி.எஃப்.பி. இருந்தாலும் கமிஷன் வாங்குபவர்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். படிப்பை விசாரிப்பவர் ஊதியத்தையும் தனியாக விசாரித்தாக வேண்டும்.

மோசடிகளைப் பற்றி நீட்டி எழுத விரும்பவில்லை. அவற்றை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2010இல் ஷேர்மேக்ஸ் நிறுவனத்தின் கட்டட முதலீட்டுத் திட்டங்கள் முடங்கியபோது, உரிமம் பெற்ற தரகர்களின் சொல்லை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போட்ட முதியவர்கள் ஆயிரக்கணக்கில் தவித்தார்கள். பிட்காயினை வைத்து வளர்ந்த மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் பற்றி ஆணையம் 2020 ஆகஸ்டில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது சரிந்தது. அத்திட்டம் வளர்ந்ததே, சேர்ந்தவர் தன் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டதால்தான். நம்மில் ஒருவர் சொல்கிறாரே என்ற எண்ணம் அங்கே என்ன வேலை செய்தது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். என் கணவர் காலமானபோது அவருடைய ஆலையின் பிராவிடன்ட் நிதியிலிருந்து எனக்கு 9 லட்சம் ராண்டு வந்தது. அண்ணாவைப் பார்த்துப் பயந்திருந்ததால், ஓர் ஆண்டு அதைத் தொடவே இல்லை. பிறகு மூன்று பேரிடம் போனேன். மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: நான் உங்களிடம் எதையும் வாங்காமல் எழுந்து போனால், உங்களுக்கு என்ன கிடைக்கும்? முதலாமவர் சிரித்தார், ‘ஆன்ட்டி, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நிறுவனம் எனக்குக் கொடுக்கும்’ என்றார். எந்த நிறுவனம் என்று கேட்டதற்குத் தேநீர் வரவழைத்தார். இரண்டாமவர், ஒரு பெண், நேர்மையாகவே பேசினார்: பணத்தைத் தன் மூலம் முதலீடு செய்தால் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு, செய்யாவிட்டால் ஒன்றுமில்லை, ஆகவே முதலீடு செய்யாத வாடிக்கையாளருக்கு ஒதுக்கத் தன்னிடம் நேரமில்லை என்றார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பெரும்பணம் உள்ளவருக்கு, ஆண்டுதோறும் உண்மையிலேயே உழைக்கும் ஆலோசகராக இருந்தால், அந்த முறையில் தவறும் இல்லை. மூன்றாமவர் மணிக்கு 1,600 ராண்டு என்றார். எத்தனை மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்; ஒன்பது மணி நேரம், வாட் வரியோடு 16,560 ராண்டு.

அந்தத் தாளைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியதை மறைக்கவில்லை. அந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டில் ஆறு மாத மளிகை வாங்கலாம். பேசுவதற்கா இவ்வளவு என்று அண்ணி கேட்டார். மருத்துவரிடம் போனால் அவர் பேசுவதற்கும் பார்ப்பதற்கும் காசு கொடுக்கிறோம்; வக்கீல் எழுதும் கடிதத்துக்குக் கொடுக்கிறோம்; பணத்தைப் பற்றிப் பேசுகிறவருக்கு மட்டும் கொடுத்துப் பழக்கமில்லை, ஏனென்றால் அந்தக் காசு இதுவரை நம் கண்ணில் படாமலே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வாரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

ஒன்பது மணி நேரத்தின் முடிவில் அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. வீட்டுக் கடனில் மீதியிருந்த 2,10,000 ராண்டை அடைக்கச் சொன்னார். ஆறு மாதச் செலவுக்கான தொகையை உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வைக்கச் சொன்னார். எஞ்சியதில் பெரும்பகுதியை, தேசியக் கருவூலம் 2004 முதல் பொதுமக்களுக்கு நேரடியாக விற்கும் அரசுச் சேமிப்புப் பத்திரங்களில் போடச் சொன்னார். நிலையான வட்டி தருவது ஒரு பாகம், விலைவாசியோடு ஏறுவது ஒரு பாகம். அதற்குக் கட்டணம் இல்லை, 1,000 ராண்டு இருந்தாலே வாங்கலாம், புரோக்கர் வேண்டாம், தபால் நிலையத்திலும் இணையத்திலும் வாங்கலாம் என்று விளக்கினார். எங்கள் ஆலயக் கூடத்தில் இத்தனை ஆண்டில் எத்தனையோ பேர் வந்து பணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒருவர்கூட அந்தப் பத்திரத்தின் பெயரைச் சொன்னதில்லை. அதில் கமிஷன் இல்லை. கடைசியாக, என் கணவர் பதினாறு ஆண்டுக்கு முன் எடுத்த ஒரு சேமிப்புப் பாலிசியின் செலவு விவரத்தை அந்த நிறுவனத்திடமிருந்து ஈ.ஏ.சி. என்ற அட்டவணையாகக் கேட்டு வாங்கி, ஆண்டுக்கு எத்தனை ராண்டு கழிகிறது என்று பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காசு வாங்கிய ஒரே மனிதரை என் வாழ்நாளில் அப்போதுதான் கண்டேன். அந்த 16,560 ராண்டை இன்றும் நான் செலவாகக் கருதவில்லை.

எல்லோராலும் 16,560 ராண்டு கொடுக்க முடியாது என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. அது உண்மை, இந்த மடலை எழுத வைத்ததும் அந்த உண்மைதான். துணி ஆலையில் இருபது ஆண்டு தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து 80,000 ராண்டோடு வெளியே வரும் பெண்ணுக்கு எந்தத் தனி ஆலோசகரும் கட்டுப்படியாகமாட்டார். ஆகவே அவளுக்குக் கிடைப்பது பந்தியில் வைத்த அட்டை மட்டுமே. ஆனால் தனியாளால் முடியாததைச் சேர்ந்து செய்வதற்குத்தான் நம் முன்னோர் சங்கம் வைத்தார்கள். ஆண்டில் ஒரு சனிக்கிழமை, மணிக் கட்டணத்துக்கு வேலை செய்யும் ஓர் ஆலோசகரைச் சங்கமே அமர்த்தலாம். ஆறு மணி நேரத்துக்கு நான் கொடுத்த விலையில் 9,600 ராண்டு, வாட் வரியோடு 11,040. வீட்டுக்கு முக்கால் மணி நேரம் என்றால் எட்டு வீடு, வீட்டுக்கு 1,380. பாதியைச் சங்கம் ஏற்றால் 690. கல்யாணத்துக்குக் கூடத்தை ஒரு நாள் வாடகைக்கு விட்டால் சங்கத்தின் பங்கு வந்துவிடும்.

முக்கால் மணி நேரத்தில் முழுத் திட்டம் போட முடியாது. போட முடியும் என்று சொல்பவரை அமர்த்தவும் கூடாது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது, வீட்டிலிருந்து கொண்டுவரும் பாலிசித் தாள்களையும் நிதி அறிக்கைகளையும் படித்து, இதில் இவ்வளவு கழிகிறது, இதை நிறுத்தினால் இந்த அபராதம், இதில் வாரிசுப் பெயர் இல்லை, இதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்வது. நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் தேவை அதுதான். வந்தவர் அன்று எந்தப் பொருளையும் விற்கக் கூடாது, அட்டை கொடுக்கக் கூடாது, அங்கே சந்தித்த எவருக்கும் ஓராண்டுக்கு எதையும் விற்பதில்லை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டுப் பின்வாங்குகிறவரை நீங்கள் தேடி அலுக்க வேண்டியதில்லை, அவரே விலகிக்கொள்வார்.

ஓய்வுக்காலச் சேமிப்பை, இடையில் எடுக்கக்கூடிய சேமிப்புப் பானை, ஓய்வு வரை தொட முடியாத பானை என்று பிரித்து, 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த இரண்டு பானைத் திட்டத்தைப் பற்றி இளையவர்கள் அந்த நாளில் கட்டாயம் கேட்பார்கள். சேமிப்புப் பானையிலிருந்து வரியாண்டுக்கு ஒரு முறை, குறைந்தது 2,000 ராண்டு, எடுக்கலாம். எடுப்பது அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். அந்த விண்ணப்பத்தை நிதியிடம் நேரே கொடுக்கலாம், அதற்காக எந்தப் புரோக்கருக்கும் ஒரு ராண்டும் கொடுக்க வேண்டாம் என்பதை ஆலயப் பலகையில் எழுதிப்போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உபயக்காரர்களைத் துரத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. அன்னதானத்துக்கு அரிசி யார் கொடுத்தாலும் அரிசிதான். நிதிப் பொருள் விற்பவர் உபயம் செய்தால், அவருடைய பதாகையில் எஃப்.எஸ்.பி. எண் இருக்கட்டும், உரிமம் பெற்றவர் என்பதை விளம்பரங்களில் குறிப்பிடுவது சட்டம் ஏற்கெனவே கேட்பதுதான் என்பதால், அதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. எந்த நிறுவனத்தின் பொருள்களை விற்கிறார், கமிஷனா கட்டணமா என்பதையும் அதே பதாகையில் இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். செயலாளர் அந்த எண்ணை ஆணையத்தின் பதிவேட்டில் சரிபார்த்துக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதட்டும். ஒலிவாங்கி மட்டும் வேண்டாம். நன்றி சொல்ல வேண்டுமானால் செயலாளர் சொல்லலாம். பந்தியில் இலைக்குப் பக்கத்தில் உப்பும் ஊறுகாயும் மட்டும் இருக்கட்டும். ஆலயக் கட்டட நிதியை எங்கே போட்டிருக்கிறீர்கள், அதை யார் சொல்லிப் போட்டீர்கள், அவருக்கு என்ன கிடைத்தது என்பதையும் இதே அளவுகோலால் ஒரு முறை அளந்து பார்ப்பது நல்லது என்று, உறுப்பினர் என்ற முறையில் பணிவோடு குறிப்பிடுகிறேன்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் உங்களிடம் வந்தால், வெட்கப்பட்டு வாய்மூடியிருக்கச் சொல்லாமல் ஒரு வழியைக் காட்டுங்கள். முதலில் ஆலோசகருக்கோ அவருடைய நிறுவனத்துக்கோ எழுத்தில் முறையிட வேண்டும். ஆறு வாரத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் ஃபெயிஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. முதலீடு எதிர்பார்த்த அளவு வளரவில்லை என்பது மட்டும் அங்கே வழக்காகாது. தவறான தகவல் தந்தார், என் நிலைமையை விசாரிக்காமல் பரிந்துரைத்தார் என்பது வழக்காகும். குறைதீர்ப்பாளரிடம் முறையிட உள்ள மூன்று ஆண்டுக் காலவரம்பு கடந்த பிறகே அண்ணா இதை அறிந்தார். அந்த விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பித் தரச் சங்கத்தில் இரண்டு இளைஞர்கள் இருந்தால், அதுவும் சங்கத்தின் தொண்டுகளில் ஒன்றாகும்.

உபயம் குறையும் என்று பொருளாளர்கள் அஞ்சுவது நியாயமே. எங்கள் ஆலயத்தின் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்க நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மற்றக் குழுக்களும் தங்கள் பொதுக்கூட்டத்தில் வைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஆலோசகருக்குக் கட்டிய பில்லின் நகலை, அவருடைய பெயரை மறைத்து, கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். மணிக்கணக்கில் என்னென்ன செய்தார் என்று அதில் வரிவரியாக இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் கூடத்தில் முதல் ஆலோசனைச் சனிக்கிழமை நடப்பதாக முடிவானால், சங்கத்தின் பங்கான 5,520 ராண்டை நான் கட்டிவிடுகிறேன். அதற்குப் பதாகை எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
சாட்ஸ்வர்த்.